காரைக்குடிக்கு ஆள் பிடிக்கப் போன மூன்று நாள்

“நல்ல அவுட்ஸ்டேண்டிங்கா மூணு பேரைப் புடிச்சுட்டு வந்துருங்க” என்று எங்கள் எம்.டி. சொன்னார். உழவர் சந்தையில் மூன்று கிலோ தக்காளி வாங்கி வரச் சொல்கிற தோரணைதான். அழுகல் இருக்கக்கூடாது, விலையும் ஏறக்கூடாது. கோவைப் பிள்ளைகள் எங்கள் சம்பளத்தைக் கேட்டதும் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். அதனால் சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை முடித்து, தங்கப் பதக்கத்தோடு வீட்டில் சும்மா இருப்பவர்களாகப் பார்த்துக் காரைக்குடிப் பக்கம் போய்ப் பிடித்துவரும் வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் பிழைப்பு என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குவாரியோ சாயப்பட்டறையோ மலைமேல் ரிசார்ட்டோ ஆரம்பிப்பவர்கள், அதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். அதை எழுதித் தருவது நாங்கள். காசு கொடுப்பது குவாரிக்காரர். அப்புறம் அறிக்கையில் என்ன இருக்கும் என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்? ‘பெரிய பாதிப்பு எதுவும் இல்லை’ என்று இருபத்திரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவன்தான். அதைச் சொல்லிக்கொள்ளவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

காலை ஏழு மணிக்குக் காரைக்குடியில் இறங்கினேன். முகூர்த்த நாள். எந்த லாட்ஜில் கேட்டாலும் கல்யாணக் கூட்டம். பையைத் தூக்கிக்கொண்டு நாலு இடம் ஏறி இறங்கியதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஓர் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தினார்.

“எங்குட்டு சார் போகணும்? ஷூட்டிங்குக்கு வீடு பாக்க வந்தீகளா?”

“இல்லைங்க. ஆள் எடுக்க வந்தேனுங்க.”

“நடிக்கவா?”

“அட, இல்லைங்க. சுற்றுச்சூழல் படிச்ச பசங்களை வேலைக்கு எடுக்கறதுக்கு.”

அவர் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். “அதுக்கெல்லாம் வேலை இருக்கா சார்? எங்க மச்சான் மகளும் அதத்தான் படிச்சுட்டு ஜவுளிக்கடையில நிக்கிது.” எதிரே வந்த டவுன் பஸ்ஸின் ஹாரனில் அவர் மறுபடி ரோட்டைப் பார்த்தார். எனக்குப் பாதி உயிர் போய் வந்தது.

அவர் கொண்டுபோய் விட்ட லாட்ஜ், கல்யாண மண்டபத்துச் சுவரை ஒட்டி இருந்தது. அறைக்குள் ஜன்னல் வழியாக மேளம் நேராக என் கட்டிலில் வந்து விழுந்தது. குளித்துவிட்டு ஓடியே போய்விட்டேன். பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன மெஸ்ஸில் வெள்ளைப் பணியாரமும் இடியாப்பத்துக்குக் கத்திரிக்காய் கோசமல்லியும் வைத்தார்கள். கோவையில் செட்டிநாடு என்று போர்டு போட்ட கடைகளில் சாப்பிட்டால் காது வழியாகப் புகை வரும். மிளகாய்த் தூளை அள்ளிக் கொட்டிவிட்டு அதற்கு ஓர் ஊரின் பெயரை வைத்துவிடுகிறார்கள். இங்கே கோசமல்லி சாந்தமாக இருந்தது. புளியும் சின்ன வெங்காயமும் அளவோடு. இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். அந்த மூன்று நாளில் மனசாரச் சந்தோஷப்பட்டது அந்த அரை மணி நேரம்தான்.

நேர்காணலுக்கு ஒரு கல்லூரியில் அறை கொடுத்திருந்தார்கள். துறைத் தலைவர் அம்மா ஐந்து பெயர் எழுதிய தாளை நீட்டி, “அஞ்சும் முத்துங்க சார்” என்றார். அதில் ஒரு முத்து ஜெர்மனிக்குப் போக மொழி படித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று பி.எட். சேர்ந்துவிட்டது. மிச்சம் மூன்று. எனக்கு வேண்டியதும் மூன்று. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் வந்தவன் அருண். துறையில் இரண்டாம் இடம். கோட்டையூர்ப் பையன், இஸ்திரி கலையாத சட்டை. கேள்வி எதைக் கேட்டாலும் டக்கென்று பதில். நிலத்தடி நீர், காற்றின் தரம், சட்டப் பிரிவு எல்லாம் விரல் நுனியில். எனக்கே மறந்துபோன இரண்டு விஷயங்களைத் திருத்தினான். சரி, ஒன்று தேறிவிட்டது என்று நினைத்து எப்போது சேருகிறாய் என்று கேட்டேன்.

“சேரலாம் சார். ஆனா அங்க வந்து இருக்க முடியாது. குரூப் டூவுக்குப் படிக்கிறேன்.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தினான். “எம் பேர மட்டும் போட்டுக்கிறீகளா சார்? சர்ட்டிபிகேட் காப்பி தாரேன். மாசாமாசம் ஏதாச்சும் போட்டுவிட்டாப் போதும். எங்க சித்தப்பா மகன் பி.பார்ம். முடிச்சுட்டு மெடிக்கலுக்கு அப்பிடித்தான் குடுத்திருக்கான். கடை எங்குட்டு இருக்குன்னுகூட அவனுக்குத் தெரியாது.”

எனக்குச் சுருக்கென்றது. கோபப்பட்டிருக்கலாம். ஆனால் எங்கள் தொழிலிலும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அதைத் தயாரித்தவர்களின் பெயர், படிப்பு, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும் என்பது விதி. எம்.டி.க்கு வேண்டியதும் அந்தக் கடைசிப் பக்கம்தான். பையன் சுற்றி வளைக்காமல் நேராக அங்கே வந்துவிட்டான். ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று அனுப்பிவைத்தேன்.

இரண்டாவது மெய்யம்மை. கொத்தமங்கலத்துச் செட்டியார் வீட்டுப் பெண். உட்கார்ந்ததும் சிரித்தாள். “சார், நான் வேலைக்கு வரல. மேடம் பேரு போட்டுட்டாக, வரலைன்னா மரியாதையா இருக்காதேன்னு வந்தேன். நாளைக்கு நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க, எல்லாம் சொல்றேன்.” கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். நேர்காணலுக்கு வந்தவர் என்னைப் பந்திக்கு அழைத்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாவதாக வர வேண்டியவள் தங்கப் பதக்கக்காரி காளீஸ்வரி. பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தது. மூன்றரைக்கு வந்தாள், செருப்பெல்லாம் செம்மண். “மன்னிச்சிருங்க சார். பஸ்ஸு ஊருக்குள்ள வரல. நடந்து வந்து மெயின் ரோட்டுல ஏறினேன்” என்றாள். கையில் ஒரு கட்டுக் காகிதம். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். எல்லாக் கம்பெனியிலும் கேட்கிற அதே உதவாக்கரைக் கேள்வி: “அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருக்கணும்னு ஆசைப்படறே?”

“சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேட்டுக்கிறவா?” என்று கட்டிலிருந்து ஒரு தாளை உருவினாள். “எங்க ஊர்ல சிங்கவால் குரங்கு எங்குட்டு சார் இருக்கு?”

தாளை வாங்கிப் பார்த்தேன். அவள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராவல் மண் குவாரி. அதற்கு நாங்கள் எழுதிய அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் அது. ஊராட்சி அலுவலகத்தில் வைத்திருந்ததை அவள் நகல் எடுத்திருக்கிறாள். எழுதியவன் நான். வால்பாறையில் ஒரு ரிசார்ட்டுக்கு எழுதிய பழைய அறிக்கையைத் திறந்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றச் சொல்லிக் கம்ப்யூட்டருக்கு உத்தரவு கொடுத்தால் அது ஒரு நொடியில் மாற்றிவிடும். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். மூன்று நாளில் வேண்டும் என்று குவாரிக்காரர் கழுத்தில் உட்கார்ந்தார். ஊர்ப் பெயர் மாறியது. குரங்கு மாறவில்லை. சீமைக்கருவேலமும் பொட்டலுமாகக் கிடக்கும் பூமியில், சிங்கவால் குரங்கும் காட்டெருமையும் உலாவுவதாகத் தங்கப் பதக்கம் வாங்கிய நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அதைப் படித்துவிட்டு அனுமதியும் கொடுத்திருக்கிறார்கள்.

“தட்டச்சுல ஏதோ தப்பு நடந்துபோச்சும்மா” என்றேன். வெட்கங்கெட்ட வாய்.

“குரங்கு இருந்துட்டுப் போகட்டும் சார். அது யாரு குடியையும் கெடுக்கல. எங்க கம்மாய எங்க?” அடுத்த தாளை வைத்தாள். ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் நீர்நிலை எதுவும் இல்லை என்று நான் எழுதிய வரியின் கீழே பேனாவால் கோடு இழுத்திருந்தாள். “குவாரிக்கும் கம்மாய்க்கும் நடுவுல ஒரு ரோடுதான் சார் இருக்கு. கம்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக்கால வெட்டி மண்ண எடுத்துப்புட்டாக. ரெண்டு மழைக்கும் ஒரு சொட்டு வரல. எங்க அப்பா நாத்து விட்டுட்டு அப்பிடியே மாட்ட விட்டு மேச்சாரு.”

அவள் முதுகலைக்குச் செய்த ஆய்வே அந்தக் கண்மாய்தான். குவாரி வருவதற்கு முன்னால் எவ்வளவு தண்ணீர் வந்தது, வந்த பிறகு எவ்வளவு, கிணறுகளில் உப்பு எவ்வளவு ஏறியது, எல்லாம் தேதி போட்டு அவள் கையாலேயே எழுதியிருந்தாள். நான் இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு அட்டவணை போட்டதில்லை. பொறாமையாக இருந்தது.

“நீங்களும் கோல்டு மெடல்தான சார்? பின்பக்கத்துல உங்க பேரு, படிப்பு எல்லாம் போட்டிருக்கு.”

“எல்லாம் தெரிஞ்சுட்டுமா எங்க கம்பெனிக்கு வேலை கேட்டு வந்தே?”

“தெரிஞ்சதுனாலதான் சார் வந்தேன். குவாரிய இன்னும் பெருசாக்கப் போறாகளாம். அதுக்கு மறுபடி ரிப்போர்ட்டு எழுதுவீகள்ல? அத நான் எழுதணும். நீங்க அஞ்சு வருஷத்தக் கேக்குறீக. எனக்கு இந்த ஒரு ரிப்போர்ட்டு போதும்.”

கண்மாயை அறிக்கைக்குள் கொண்டுவந்துவிட்டால் குவாரி விரிவாகாது, வரத்துக்காலைத் திறந்துவிடச் சொல்லி உத்தரவு வரும் என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான். அன்று சாயந்திரம் எம்.டி.க்கு நடந்ததை எல்லாம் எழுதி அனுப்பினேன், குரங்கையும் சேர்த்து. இந்தப் பெண்ணை எடுத்தால் குவாரிக்காரர் நம்மை விட்டு ஓடிவிடுவார் என்றும் எழுதினேன். அவளை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், பாவம் என்னிடமிருந்து இறங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கொத்தமங்கலம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மடியில் ஒரு பெரிய பலாப்பழம். ஒவ்வொரு திருப்பத்திலும் அதன் முள் என் விலாவில் குத்தியது. “கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி, பழம் நசுங்கிரும்” என்றார் என்னைப் பார்த்து. எங்கள் ஊரில் குத்தியவர் ஒரு ‘ஐயோ, படலையேங்க’வாவது சொல்வார். இங்கே பழத்துக்குத்தான் மரியாதை.

மெய்யம்மை வீடு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இருந்தது. அதை ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். “எங்க அப்பச்சி மட்டும் முடிவு பண்ணினா ஆகாது சார்” என்றாள். அப்பச்சி என்றால் அவர்கள் வீட்டில் அப்பா. “இந்த வீட்டுக்குப் பதினோரு புள்ளி. கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளையும் ஒரு புள்ளி, ஒரு பங்கு. ஒருத்தர் பினாங்குல, ஒருத்தர் அமெரிக்காவுல. பதினோரு கையெழுத்து வாங்குறதுக்கு எம்.எஸ்சி.யவிட அதிக நாள் ஆச்சு.”

வீட்டின் இரண்டாம் கட்டில் இருந்த முற்றத்தை வெட்டி நீச்சல் குளம் கட்டியிருந்தார்கள். குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன். அவள் முகம் கொஞ்சம் மாறியது. “லாரியிலதான் சார். நான் ஆய்வு பண்ணினது நிலத்தடி நீரு. வேணாம்னு சொல்லிப் பாத்தேன். குளம் இல்லாட்டி ரூம் போகாதுன்னுட்டாக. எனக்குச் சுற்றுச்சூழல் மேனேஜர்னு கார்டு அடிச்சுக் குடுத்திருக்காக. ஒவ்வொரு ரூம்லயும் மூங்கில் பல் பிரஷ் வச்சிருக்கேன். வெள்ளைக்காரவுகளுக்கு அது போதும்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

இலை போட்டார்கள். பருப்பு மசியல், வெண்டைக்காய் மண்டி, உருளைக்கிழங்குப் பிரட்டல், கடைசியில் கவுனி அரிசி. “ஆச்சி, சாருக்கு இன்னுங் கொஞ்சம் மண்டி வைக்கவா?” என்று சமையல்காரர் மெய்யம்மையைக் கேட்டுக்கொண்டே வைத்தார். அவர்கள் வீட்டில் சின்னப் பெண்ணும் ஆச்சிதான். மண்டி என்றால் அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்துக் காய் போட்டது. இத்தனை ருசி எங்கிருந்து வருகிறது என்று விரலை நக்கிக்கொண்டிருந்தபோது எம்.டி.யின் போன் வந்தது.

“அந்தப் புள்ளைய விட்றாதீங்க” என்றார் எடுத்த எடுப்பில்.

“சார், நான் எழுதினதைப் படிச்சீங்களா?”

“படிச்சுட்டுத்தானுங்க சொல்றேன். விரிவாக்கத்துக்கு ஊர்க்காரங்களக் கூட்டிக் கருத்துக் கேக்கணுமல்ல? அந்த ஊருப் புள்ள, அதுவும் கோல்டு மெடலு, அதுவே கையெழுத்துப் போட்டிருக்குதுன்னா கூட்டத்துல எவனுங்க எந்திரிச்சுக் கேப்பான்? பேரு மட்டும் வேணும். கண்மாயி கிண்மாயின்னு சொல்லுச்சுன்னா அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லி வைங்க. லெட்டரு அனுப்பியாச்சு, பிரின்ட் எடுத்து நேர்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க.”

இலையில் கவுனி அரிசி பாதி இருந்தது. மூடிவிட்டேன். மெய்யம்மை பதறிப்போய், “ஏன் சார், பிடிக்கலையா?” என்றாள். பிடித்திருந்தது என்றேன். அந்த மனுஷன் இருபத்திரண்டு வருஷமாக எனக்குச் சம்பளம் தருகிறவர். ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்து, அவள் பெயரை வைத்தே அவள் ஊரின் வாயை மூடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்குத் தோன்றியது. அதனால்தான் அவர் எம்.டி.

மூன்றாம் நாள் காலை, உறையில் வேலை உத்தரவோடு காளீஸ்வரி ஊருக்குக் கிளம்பினேன். நேமத்தான்பட்டிக்கு அங்குட்டு உள்ளே போகிற சின்ன ஊர். பெயர் வேண்டாம். பாதி வழியில் கண்டக்டர் விசில் அடித்து, “எல்லாரும் எறங்கிக்கங்க. வண்டி இதுக்கு மேல போகாது” என்றார். ரோடே இல்லை. குழிகளுக்கு நடுவில் அங்கங்கே தார் ஒட்டிக்கொண்டிருந்தது. “டிப்பர் ஓட்டி ஓட்டி ஒடச்சுப்புட்டாய்ங்க சார். பஸ்ஸுக்கு அச்சு முறிஞ்சா எங்க தலையிலதான விடியும்?” பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கூடைக்காரப் பெண்களும் இறங்கிச் செம்மண் புழுதிக்குள் நடந்தார்கள். யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை, பழகிப்போய்விட்டது.

எனக்குப் பழக்கமில்லை. கால் மணி நேரத்தில் நாக்கு வறண்டுவிட்டது. பின்னால் வந்த காலி டிப்பர் லாரி ஒன்று நின்றது. டிரைவர் நல்ல மனிதர். “ஏறுங்க சார், இந்த வெயில்ல ஏன் நடக்குறீக?” என்று கதவைத் திறந்தார். தண்ணீர் பாட்டில் கொடுத்தார். குவாரிக்குத்தான் போகிறார். “நல்ல கிராவல் சார் இங்க. இன்னும் அங்குட்டுப் பெருசாக்கப் போறாகளாம். எனக்கும் நாலு வருஷத்துக்குக் கவலையில்ல” என்றார். அந்த லாரி ஓடுவதே என் அறிக்கையால்தான் என்று அவருக்குத் தெரியாது. கண்மாய்க் கரையில் இறக்கிவிட்டுக் கையை ஆட்டினார்.

கண்மாயைப் பார்த்தேன். கிலோமீட்டர் கணக்கெல்லாம் எதற்கு, குவாரியிலிருந்து கல்லை விட்டெறிந்தால் கண்மாய்க்குள் விழும். உள்ளே வெடித்த மண். அதில் ஐம்பது அறுபது பெண்கள் மண்வெட்டியும் கூடையுமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். நூறு நாள் வேலை. என்ன வேலை என்றேன். கண்மாயை ஆழப்படுத்துகிறார்களாம். தண்ணீர் வரும் வழியை அடைக்க ஒரு காகிதம், வராத தண்ணீருக்குப் பள்ளம் தோண்ட ஒரு காகிதம். இரண்டிலும் அரசாங்க முத்திரை.

காளீஸ்வரி எதிரே வந்தாள். அவள் அம்மா அந்தப் பெண்களில் ஒருத்தியாம். அப்பா வீட்டு வாசலில் நின்று, “வாங்க சார், வாங்க. டிப்பர்லயா வந்தீக? புள்ள எல்லாஞ் சொன்னுச்சு” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நாற்காலி வந்தது, கலர் வந்தது. தண்ணீர் கேட்டேன். கேனைச் சாய்த்து ஊற்றினார். கண்மாய்க் கரையில் வீடு, குடிக்கக் காசு கொடுத்து வாங்கிய தண்ணீர்.

“உங்களுக்குக் கொஞ்சம் கடலை கட்டித் தாரேன் சார். எண்ணெக் கடலை, நல்லாருக்கும்” என்று அவர் கொல்லைப்பக்கம் போனார். நான் அவளிடம் உறையைக் கொடுத்தேன். பிரித்து இரண்டு தடவை படித்தாள். சம்பளம், பதவி, சேர வேண்டிய நாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “இருபத்திரண்டு வருஷமா அங்க இருக்கறவன், ஒளிக்காம சொல்லிடறேம்மா. அவங்களுக்கு வேண்டியது உன் பேரு. கண்மாய் இல்லை. ஊருக்காரங்க வாயை மூடறதுக்கு உன் பேரு வேணும்னு கேக்கறாங்க. இந்த வேலை உனக்கு வேண்டாம். வேற நல்ல எடமாப் பாரு.”

“வேற எடம்னா எங்குட்டு சார்? சொல்லுங்க, அங்குட்டுப் போறேன்.”

எனக்குத் தெரிந்த கம்பெனிகளை எல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் எங்களைப் போலத்தான்.

“நான் எல்லாத்தையும் பாத்துட்டேன் சார்” என்றாள். குரல் உயரவில்லை. “என்னோட ஆய்வ எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸுல மனுக் குடுக்கப் போனேன். அங்க இருந்தவரு புரட்டிப் பாத்துட்டு, நல்லா எழுதியிருக்கம்மா, ஆனா காலேஜு புராஜெக்டு செல்லாது, அங்கீகாரமுள்ள கம்பெனி லெட்டர்பேடுல கொண்டான்னாரு. அதே கம்மாய், அதே தண்ணி, நான் அளந்தது. உங்க தாளுல இருந்தாச் செல்லுமாம். அதான் உங்ககிட்ட வந்தேன்.” உத்தரவை என் பக்கம் திருப்பி வைத்து, மேலே ஒரு பேனாவை வைத்தாள். “நான் வாரேன் சார். இதுக்குக் கீழ ஒரு வரி எழுதுங்க. நான் அளந்தது எதுவோ அது அப்பிடியே அறிக்கையில வரும்னு எழுதி உங்க கையெழுத்தப் போடுங்க. போதும். மிச்சத்த நான் சண்ட போட்டுக்கிறேன்.”

பேனாவை எடுத்தேன். நிஜமாகவே எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை. நாற்பத்தேழு வயதில் என்னை எவன் வேலைக்கு எடுப்பான்? இதெல்லாம் காரணமில்லை என்று எனக்கே தெரியும், ஆனாலும் வரிசையாக வந்து நின்றது. மூடியைப் போட்டேன்.

“எனக்கு அந்த அதிகாரம் இல்லைம்மா.”

அவள் திட்டியிருந்தால் தேவலை. உத்தரவை மடித்து, பழைய மடிப்பிலேயே மடித்து, உறைக்குள் போட்டு என்னிடம் நீட்டினாள். அப்போது அவள் அப்பா கடலைப் பையோடு வந்துவிட்டார். “எப்ப சார் புள்ளய அனுப்பணும்? ஹாஸ்டல் எதும் இருக்கா, இல்ல நாங்க வந்து வீடு பாக்கணுமா?” முகமெல்லாம் சிரிப்பு.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: “சாருக்கு ஒரு கையெழுத்துப் போட அதிகாரம் இல்லையாம்பா. இருபத்திரெண்டு வருசமா அங்கதான் இருக்காகளாம்.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப மேல கேட்டுச் சொல்லுங்க சார், அவசரமில்ல” என்று கடலைப் பையை என் கையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பும்போது எந்த லாரி நின்றாலும் ஏறக்கூடாது என்று மெயின் ரோடு வரை நடந்தே வந்தேன். அதனால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை.

கோவைக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது எம்.டி. அலட்டிக்கொள்ளவே இல்லை. “அந்தப் பக்கத்துப் பையன் ஒருத்தன் பேரு தர்றேன்னானே, அவனைப் போடுங்க” என்றார். அருணுக்குப் போன் போட்டேன். சந்தோஷமாகப் பேசினான். வங்கிக் கணக்கு விவரம் அனுப்பட்டுமா என்றான். பிறகு ஏதோ தோன்றி, “எந்த ஊரு குவாரி சார்?” என்று கேட்டான். சொன்னேன்.

“அது காளீஸ் ஊராச்சே சார்” என்றான். “இது வேணாம் சார். வேற ஊரு ரிப்போர்ட்டு வந்தாச் சொல்லுங்க.” வைத்துவிட்டான். பெயரை வாடகைக்கு விட வந்த பையன். அவனுக்கும் ஒரு இடத்தில் நிற்கத் தெரிந்திருக்கிறது.

குவாரிக்காரர் மறுபடி கழுத்தில் உட்கார்ந்தார். பழைய கோப்பைத் திறந்தேன். குரங்கையும் காட்டெருமையையும் தேடித் தேடி எடுத்தேன், இந்தத் தடவை ஒன்று தப்பவில்லை. நீர்நிலைகள் பகுதிக்கு வந்தபோது ஒரு கை கண்மாய் என்று அடிக்கப் போனது, இன்னொரு கை அழித்தது. ‘ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் நீர்நிலை எதுவும் இல்லை’ என்பதை அப்படியே விட்டேன். கடைசிப் பக்கத்தில் என் பெயரையும் தங்கப் பதக்கத்தையும் தட்டச்சு செய்து, கீழே கையெழுத்துப் போட்டேன். அதற்கு எனக்கு அதிகாரம் இருந்தது.